முப்பதுல வச்சிருக்கேன்

அந்தச் சொருகுல கரண்டு வராது தம்பி. கோவில்பட்டியில ஏறுனதுலருந்து நானும் பாக்கேன், சார்ஜரைச் சொருகுதிய, கழத்துதிய, ஆட்டிப் பாக்கிய. ஆட்டுனா வந்துருமா? இந்த ரயில் பெட்டியில ஒரு சொருகுலயும் வராது, நான் ஏறுன உடனே டெஸ்டர் வச்சுப் பாத்துட்டேன். ஆமா, டெஸ்டர் எப்பவும் சட்டைப் பையிலதான் இருக்கும். ரிட்டயர் ஆனாலும் விடலயே.

பாட்டரி எம்புட்டு இருக்கு இப்ப? பாதியா? அப்பச் சரி, திருச்சி வாரதுக்குள்ள அணைஞ்சிரும். வேலை இருக்கா? மெட்ராசு போறதுக்குள்ள முடிச்சு அனுப்பணுமா? அடடா. லேப்டாப்ப இங்க திருப்புங்க. நான் சொல்லுதபடி செய்யுங்க, ராத்திரி வரைக்கும் நிக்கும். கண்ட்ரோல் பேனலுக்குப் போங்க. பவர் ஆப்ஷன். அதுக்குள்ள அட்வான்ஸ்டுன்னு சின்ன எழுத்துல இருக்கும், அதை அமுக்குங்க. கீழ, இன்னும் கீழ... அந்தா, பிராசசர், மிசினோட மூளை. அதுல மேக்சிமம்னு இருக்கா? முழு வேகம், நூறுன்னு போட்டிருப்பான். எடுத்த எடுப்புல நூறு! கம்பெனிக்காரனுக்கு என்ன, பாட்டரி போனா இன்னொண்ணு விப்பான். அதை முப்பது ஆக்குங்க.

பயப்படாதிய, மிசின் நின்னுராது. கொஞ்சம் நிதானமா ஓடும், அம்புட்டுதான். ஆங், பாத்தியளா? உள்ள கத்திக்கிட்டிருந்த காத்தாடி வாயை மூடிக்கிருச்சு. சூடும் குறையும், மடியில வச்சுக்கிடலாம். இப்ப எத்தன மணி நேரம்னு காட்டுதுன்னு பாருங்க. கூடிருக்கா? கூடும்லா!

இதைச் சொல்லிக் குடுத்ததுக்குத்தான் தம்பி, என் மக என்கூடப் பேச மாட்டேங்கா.

சிரிக்காதிய. நெசமாத்தான் சொல்லுதேன். சொல்லிக் குடுத்ததுக்குன்னு சொல்லப்பிடாது, நானே செஞ்சு வச்சேன், அவளுக்குச் சிரமம் வேண்டாம்னுட்டு. நல்லதுக்குக் காலம் இல்ல. நீங்களே கேட்டுட்டு நாயத்தச் சொல்லுங்க. நீங்க படிச்ச பிள்ள, இதே மாதிரி மிசினோட மல்லுக்கட்டுத ஆளு. உங்களுக்குத்தான் இது புரியும். எங்க தெருவுல எவன்கிட்ட சொன்னாலும் "பிராசசருன்னா என்ன அண்ணாச்சி"ங்கான்.

நான் சப்-ஸ்டேஷன்ல ஆபரேட்டரா இருந்தேன். எந்த ஊருன்னு கேக்காதிய, கோவில்பட்டிக்குப் பக்கத்துல ஒரு ஊரு. கரண்டு இல்லாம தமிழ்நாடே தவிச்ச வருசங்கள் இருந்துச்சுல்லா, நீங்க அப்ப பள்ளிக்கூடம் படிச்சிருப்பிய, அப்ப சுவிட்சு என் கையிலதான். மேல இருந்து போன் வரும், "லோடைக் குறை". நான் ஒரு ஃபீடரைத் தட்டுவேன். ஃபீடருன்னா ஒரு பக்கத்துக்குப் போற லைன். நான் தட்டினா ஒரு பக்கம் ஊரே அணைஞ்சிரும். தீப்பெட்டி ஆபீசு நிக்கும், மாவு மில்லு நிக்கும், பிறகு அரமணி நேரம் எனக்குப் போன்ல அர்ச்சனை நடக்கும். என் அம்மாவ, என் ஆத்தாளுக்கு ஆத்தாள, ஒருத்தியையும் விட மாட்டானுவொ.

ஆனா நான் ஒரு வித்தை கண்டுபிடிச்சேன். யாரும் சொல்லித் தரல, நானாத்தான். அடியோட தட்டாம வோல்டேஜை ஒரு படி இறக்கி விட்டுப் பாத்தேன். லைட்டு எரியும், கொஞ்சம் மங்கலா எரியும். ஃபேன் சுத்தும், கொஞ்சம் சோம்பலாச் சுத்தும். ஒரு பய போன் பண்ணலயே! ஏன்னு சொல்லுங்க. அணைஞ்சாத்தான மனுசன் கரண்டைத் திட்டுவான்? மங்குனா, தன் கண்ணுதான் மங்கிப்போச்சுன்னு நெனச்சுக்கிடுவான். எங்க தெரு வாத்தியார் ஒருத்தர் புதுக் கண்ணாடியே மாத்துனாரு தம்பி, அந்தக் கோடையில! நான் வாயத் தொறக்கல. உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன்.

லோடு கூடினா எங்களுக்குப் பயம் இல்ல, தட்டிரலாம். மீட்டர் முள்ளு சட்டுன்னு பூஜ்யத்துக்கு வந்தாத்தான் பயம். ஊரு சிக்கனமா இருக்குன்னு அதுக்கு அர்த்தம் இல்ல. எங்கயோ கம்பி அத்து விழுந்து கெடக்குன்னு அர்த்தம். உடனே ஆளு அனுப்பணும். சரி, அது தொழில்பேச்சு. நான் சொல்ல வந்தது வேற.

எனக்கு ஒரே மக. செண்பகவல்லின்னு பேரு. எங்க ஊரு அம்மன் பேருதான். செண்பான்னு கூப்பிடுவோம். பன்னெண்டாப்புல நல்ல மார்க்கு. கம்ப்யூட்டர் சயின்சு படிப்பேன்னு ஒத்தக் கால்ல நின்னா. சரின்னு உள்ளூர் காலேஜ்லயே சேத்துவிட்டு, ஒரு லேப்டாப்பும் வாங்கிக் குடுத்தேன். ஏனோதானோன்னு இல்ல, நல்லதா, மதுரைக்குப் போயி வாங்கினேன். அந்தக் கடைக்காரனே "இது பறக்கும் சார்"னான். பறந்து எங்க போவப்போவுதுன்னு நான் கேட்டேன்.

வீட்டுக்குக் கொண்டாந்து பாத்தா, ரெண்டரை மணி நேரத்துல பாட்டரி காலி! எனக்கு ஆத்திரமான ஆத்திரம். எங்க ஆபீசுக்குப் புதுசா வந்த இஞ்சினியர்கிட்ட கேட்டேன். அவருதான் இந்த பிராசசர் சமாச்சாரத்தக் காட்டிக் குடுத்தாரு. "ஐம்பது, அறுபதுல வையுங்க, அவசரத்துக்கு மட்டும், பிறகு மாத்திருங்க"ன்னாரு. பிறகு எதுக்கு மாத்தணும்? அவ குளிக்கப் போயிருந்த நேரத்துல நான் முப்பதுல வச்சேன். பாட்டரியில ஓடும்போது முப்பது, சார்ஜ்ல சொருகி இருக்கும்போதும் முப்பது. எட்டு மணி நேரம் நின்னுச்சு தம்பி! எட்டு மணி நேரம்! நான் கோமதியக் கூப்பிட்டுக் காட்டுனேன். கோமதி என் வீட்டுக்காரி. அவ கரண்டியும் கையுமா வந்து பாத்துட்டு, "அப்படியா, நல்லதுங்க"ன்னுட்டு உள்ள போயிட்டா. அவளுக்கு என்ன தெரியும்.

பிள்ளைகிட்ட சொல்லலயான்னுதான கேக்கிய? எதுக்குச் சொல்லணும்? சொன்னா கூட்டி வச்சிருவா. எங்க வீட்டுல ஃபேன் ரெகுலேட்டரெல்லாம் ரெண்டுல நிக்கும். ரெண்டுல வச்சுட்டு அந்தத் திருகுற குமிழைக் கழத்தி என் பீரோவுல போட்டுருவேன். வச்சுட்டுப் போனா பொம்பளையாளு அஞ்சுக்குத் திருகிருவாளுவொ. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சும்மாவா சொன்னான். குமிழு இருந்தா கை சும்மா இருக்காது. அதே மாதிரிதான் இதுவும்.

நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. படிச்சா. ஆனா எதுக்கெடுத்தாலும் இழுவை. புரோகிராமுன்னு என்னமோ எழுதுவா, அதை ஓட்டிப் பாக்கணுமாம். அமுக்கிட்டு உக்காந்திருப்பா. அது சுத்திக்கிட்டே இருக்கும். அவ தாடையில கையக் குடுத்துக்கிட்டுப் பாத்துக்கிட்டே இருப்பா. கூடப் படிக்கிற பிள்ளைகள்ளாம் முடிச்சு அனுப்பிட்டுச் சினிமாவுக்குப் போயிரும், இவ இன்னும் ரெண்டாவது கணக்குல நிப்பா. "அப்பா, இந்த லேப்டாப்பு ரொம்ப ஸ்லோவா இருக்குப்பா"ன்னு வந்து நிப்பா. நான் சொல்லுவேன், "மிசினைக் குத்தம் சொல்லாதட்டி. ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம். மிசின் சரியாத்தான் இருக்கு, உன் மண்டைதான் மந்தம்." சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லுததுதான். எந்தத் தகப்பன் சொல்லல? எங்கப்பா என்னைய எருமைன்னுதான் கூப்பிடுவாரு, நான் என்ன எருமையாவா போயிட்டேன்?

கடையில குடுத்துப் பாக்கட்டுமான்னு ஒருக்கக் கேட்டா. கடைக்காரன் உள்ள இருக்குற நல்ல பாகத்தக் கழத்திட்டு ஓட்டைய மாட்டி விட்டுருவான்னு சொல்லிட்டேன். பொய்யா அது? பிறகு அவளும் கேக்குறத விட்டுட்டா. ரெண்டாம் வருசம் பாதியிலருந்து லேப்டாப்பப் பத்தி ஒரு வார்த்த சொல்ல மாட்டா. அவளாவே மத்தவுகளுக்கு முன்னாடி உக்காருவா, பின்னாடி எந்திரிப்பா. "எனக்குப் புரியிறதுக்குக் கொஞ்சம் நேரமாவும்பா"ன்னு அவளே சொல்லுவா. பிள்ளைக்குப் பொறுப்பு வந்துருச்சுன்னு கோமதிகிட்ட சொல்லிச் சந்தோசப்பட்டேன் நான்.

கடலமிட்டாய் ஒண்ணு எடுத்துக்கோங்க. அவளுக்குன்னு வாங்கினதுதான். ஒண்ணு குறைஞ்சா என்ன.

கடைசி வருசம் காலேஜுக்கு மெட்ராசுக் கம்பெனிக்காரன் ஒருத்தன் வந்தான். நேர்ல வரல, எல்லாம் கம்ப்யூட்டர்லயே பரிச்சை. அவங்கவங்க வீட்டுல உக்காந்து எழுதணும். கேமராவைப் போட்டு வச்சிருக்கணும், காப்பி அடிக்காளான்னு அவன் அங்கருந்து பாத்துக்கிட்டே இருப்பானாம். இந்த வேலை மட்டும் கெடைச்சா போதும்னு செண்பா உயிரையே வச்சிருந்தா. நெத்தியில திருநீறு என்ன, அம்மன் கோயிலுக்கு நேத்திக்கடன் என்ன! பாத்தா, பரிச்சை நாளு எங்க ஊருக்கு மாசாந்திர ஷட்டவுன். பராமரிப்புன்னு மாசத்துக்கு ஒரு நாள் காலையில நிறுத்தினா சாயங்காலம் வரைக்கும் கரண்டு கெடையாதுல்லா, அது.

அவ பதறிப் போனா. தஸ்லிமான்னு கூடப் படிக்கிற பிள்ளை, அவுக வீட்டுல ஜெனரேட்டர் இருக்கு. அங்க போயி அவ அண்ணன் கம்ப்யூட்டர்ல எழுதுதேன்னா. நான் விடல. "எதுக்குட்டி ஊரான் வீட்டுக்குப் போயி நிக்கணும்? உங்க அப்பன் எதுக்கு இருக்கேன்? நம்ம லேப்டாப்பு எட்டு மணி நேரம் நிக்கும். ஊருல எவன் லேப்டாப்பு எட்டு மணி நேரம் நிக்குது, காட்டு பாப்போம்"னேன். அவ என் மொகத்தப் பாத்தா. அவ அம்மா மொகத்தப் பாத்தா. சரிப்பான்னுட்டா. நல்ல பிள்ளை தம்பி, எதிர்த்துப் பேசாது.

அன்னைக்கு நான் அரை நாள் லீவு போட்டேன். யாரு போடுவா? வெளிச்சம் பட ஜன்னலோரமா மேசையப் போட்டேன். இண்டர்நெட்டுக்கு என் போனை வச்சேன். கோழி கூவக்கூடாதுன்னு பக்கத்து வீட்டுக்காரிகிட்டக் கூடச் சொல்லி வச்சேன். இதுக்கு மேல ஒரு தகப்பன் என்ன செய்வான்? பிறகு ஒரு யோசனை. கேமரா வேற ஓடுது, பாட்டரியக் குடிக்குமேன்னுட்டு, அவ சாமி கும்பிடப் போன நேரத்துல முப்பதை இருவதா இறக்கிட்டேன்.

பரிச்சை ஆரம்பிச்சுச்சு. நான் பின்னாலதான், கேமராவுல தெரியாம, கதவோரமா நின்னுக்கிட்டுப் பாட்டரியவே பாத்துக்கிட்டிருந்தேன். குறையவே மாட்டேங்கு! எனக்கா, உள்ளுக்குள்ள ஒரே குதியாட்டம். அவ என்னமோ தட்டுதா. எழுத்து வரமாட்டேங்கு. நின்னு, யோசிச்சு, பிறகு மொத்தமா நாலு எழுத்தா வந்து விழுது. கேமராவுல அவ மொகம் அப்படியே உறைஞ்சு போயி நிக்குது, வாய் பாதி தொறந்தாப்புல. ஆங்கிலத்துல ஏதோ ஒரு எச்சரிக்கை வருது. திரும்பித் திரும்பி என்னையப் பாக்கா. நான் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுனேன், பாட்டரி நல்லாருக்குன்னு.

நேரம் முடிஞ்சு போச்சு. பாதிதான் எழுதியிருந்தாளாம். மேசையில தலையக் கவுத்திக்கிட்டு ஓன்னு அழுதா. நான் பக்கத்துல போயி தோளைத் தட்டிச் சொன்னேன், "அழாதட்டி, இங்க பாரு, இன்னும் பாதிக்கு மேல கெடக்கு!"

ஆறுதலாத்தான தம்பி சொன்னேன்? என்ன அப்படிப் பாக்கிய?

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைஞ்ச கதைதான். வேலை தஸ்லிமாவுக்குக் கெடைச்சது. இவளுக்கு இல்ல. இவ அழுது முடிச்சுட்டு, மொகத்தக் கழுவிட்டு வந்து சொன்னா, "எனக்கு இதெல்லாம் வராதுப்பா. எனக்கு மூளை அம்புட்டுதான்." நானும், போகட்டும் விடும்மா, பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு அம்புட்டு தூரத்துல வேலைன்னு தேத்துனேன். ஒரு தனியார் பள்ளிக்கூடத்துல எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு டீச்சரா சேந்தா. வேற கம்பெனிக்கு எழுதிப் போடுன்னு அவ அம்மா சொல்லுவா. இவ தலைய ஆட்டிட்டு எந்திரிச்சுப் போயிருவா. சாத்தூர்ல ஒரு மாப்பிள்ளை பாத்தேன். உரக்கடை வச்சிருக்கான், கருத்த பய, ஆனா கெட்டி. அவன் போட்டாவக் கூட அவ பாக்கல. "உங்க இஷ்டம்பா"ன்னா. இந்தக் காலத்துல எந்தப் பிள்ளை அப்படிச் சொல்லும்? அம்புட்டு அடக்கம்.

வந்தாளே அந்த தஸ்லிமா! பெருநாள் லீவுல மெட்ராசுலருந்து வந்தவ, பிரியாணிய எடுத்துக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்தா. காலேஜ் போட்டா பாக்கணும்னு ரெண்டு பேருமா லேப்டாப்பத் தொறந்து உக்காந்தாளுவொ. நான் முன் ரூம்ல பேப்பர் படிச்சிட்டு இருக்கேன். அந்தப் பிள்ளை சொல்லுது, "என்னடி இது, மாட்டு வண்டி மாதிரி இருக்கு? இம்புட்டு நல்ல மாடலு இப்படி இருக்காதே." என்னமோ தட்டுச்சு. பிறகு ஒரு கத்து. "ஏ செண்பா, இதை யாருடி முப்பதுல வச்சது?"

நான் பேப்பரை மடக்கி வச்சுட்டு உள்ள போயி, "நாந்தாம்மா"ன்னேன். பெருமையாத்தான் சொன்னேன். எத்தன வருசமா வச்சிருக்கேன், ஒருத்திக்கும் தெரியலயே! "காலேஜ் சேந்தப்பவே வச்சுட்டேன். அதான் இன்னைக்கும் பாட்டரி புதுசு மாதிரி இருக்கு"ன்னு சொன்னேன்.

தஸ்லிமா அதை நூறாக்கிட்டு நகந்துக்கிட்டா. செண்பா பழைய புரோகிராம் ஒண்ணைத் தொறந்து அமுக்குனா. படக்குன்னு வந்துருச்சு. மூடிட்டு மறுபடி அமுக்குனா. படக்கு. மறுபடி. மறுபடி. ஒரு பத்துத் தடவ இருக்கும். கிறுக்குப் பிடிச்சவ மாதிரி அமுக்கிக்கிட்டே இருந்தா. நான்தான், "போதும்ட்டி, பாட்டரி இறங்குது"ன்னேன்.

அப்பத்தான் திரும்பினா. கத்தல, அழல. மெதுவாத்தான் கேட்டா. "அப்பா, அப்ப நான் மந்தம் இல்லையா?"

"அது சும்மா சொன்னதுட்டி"ன்னேன். "நான் நம்பினேனேப்பா"ன்னா. "பரிச்சை அன்னைக்கும் இப்படித்தான் இருந்துச்சா?"ன்னு கேட்டா. "இல்லம்மா, அன்னைக்கு இருவது"ன்னு உள்ளதச் சொன்னேன். எனக்குப் பொய் சொல்லி வழக்கமில்ல.

அடுத்த ஞாயித்துக்கிழமை தஸ்லிமாகூட மெட்ராசுக்குக் கெளம்பிட்டா. சாத்தூர் மாப்பிள்ளை வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்னு கூட நெனைக்கல. போகும்போது லேப்டாப்ப எடுத்துட்டுப் போகல, என் கட்டில் மேல வச்சுட்டுப் போயிட்டா. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லுங்கிறது எம்புட்டு உண்மை! தூக்கி வளத்த தகப்பன், ஒரு நூறுக்கும் முப்பதுக்கும் விட்டுட்டுப் போயிட்டாளேன்னு எனக்கு நெஞ்சு வெடிச்சிருச்சு தம்பி. நான் அழுதேன். ஆம்பள அழுதேன். அழுதுட்டு, எந்திரிச்சு, மொத வேலையா அதை எடுத்துப் பழையபடி முப்பதுல வச்சேன்.

இப்ப தாம்பரத்துக்கிட்ட ஒரு கம்பெனியில வேலை பாக்கா. நல்ல வேலையாம். கம்பெனிக்காரன் குடுத்த லேப்டாப்ப ராப்பகலா சார்ஜ்லயே சொருகி வச்சிருக்காளாம். கழத்துறதே இல்லையாம்! பாட்டரி என்னத்துக்காவும்? இதைச் சொன்னது கோமதி. அவளும் இப்ப அங்கதான் இருக்கா.

ஆமா, அவளும் போயிட்டா. செண்பா போன மறுநாள் என்ன செஞ்சா தெரியுமா? கடைக்குப் போயி ரெகுலேட்டர் குமிழு ஒண்ணு வாங்கியாந்து மாட்டி, ஃபேனை அஞ்சுல வச்சுட்டுக் கீழ தரையில மல்லாந்து படுத்துக்கிட்டா. காலண்டர் தாளெல்லாம் படபடன்னு அடிக்குது. நான், "என்ன கோமதி இது, அனாமத்தா கரண்டு போவுதே"ங்கேன். அவ சிரிக்கா தம்பி. கண்ணை மூடிக்கிட்டுச் சிரிக்கா. கட்டிக்கிட்டு வந்த நாள்லருந்து அப்படி ஒரு சிரிப்ப நான் பாத்ததில்ல. பொங்கலுக்குப் பிள்ளையப் பாத்துட்டு வாரேன்னு போனவதான். இப்ப ஆடியும் முடியப் போவுது.

சிக்கனத்துல மட்டும் குறையில்ல. வீட்டு மீட்டர்ல ஒரு செவப்பு லைட்டு மினுங்கும் பாத்திருக்கியளா, கரண்டு ஓட ஓட? எங்க வீட்டுல இப்ப அது மினுங்குறதே இல்ல. அதுக்கு முன்னால நாற்காலியப் போட்டு உக்காந்து பாப்பேன். ஒரு மினுக்கு வாரதுக்குள்ள காப்பியே ஆறிப் போவும். நான் ஒருத்தன், ஒரு லைட்டு. வேற என்ன இருக்கு?

என்ன தம்பி, திரும்ப நூறுக்கு ஏத்துதிய? நான் பாக்கலன்னு நெனச்சியளா? காத்தாடிச் சத்தத்துலயே எனக்குத் தெரிஞ்சு போவும். சுத்திக்கிட்டே நிக்குதா? நிக்கத்தான் செய்யும், கொஞ்சம் பொறுமை வேணும். சரி, உங்க மிசின், உங்க இஷ்டம். வழியில அணைஞ்சா என்னையக் கேக்காதிய.

இந்தா இந்தப் பையிலதான் இருக்கு அவ லேப்டாப்பு. துணி சுத்தி வச்சிருக்கேன். அவகிட்டயே குடுத்துட்டு வரலாம்னுதான் போறேன். வாரேன்னு சொல்லல. சொன்னா வராதியன்னுருவா. வீட்டு விலாசமும் தெரியாது. தாம்பரத்துல இறங்கி கோமதிக்குப் போன் போட்டா அவ மனசு எறங்கிச் சொல்லுவா. சொல்லுவாங்கேன். இல்லாட்டி ஸ்டேஷன்லயே உக்காந்திருக்க வேண்டியதுதான்.

தம்பி, ஒரு உபகாரம். உங்க போன்லருந்து ஒரே ஒரு போன் போட்டுக்கிடட்டுமா? என் நம்பரைப் பாத்தா செண்பா எடுக்க மாட்டா. புது நம்பருன்னா ஆபீசுக்காரங்களோன்னு எடுப்பா. என்னைய மன்னிக்கச் சொல்லிக் கேக்கப் போறதில்ல, நான் என்ன தப்புப் பண்ணினேன்? அவ கொரலை ஒருக்கக் கேக்கணும். ஒரு வருசத்துக்கு மேலாச்சு. கொரலே மறந்துரும் போல இருக்கு. நீங்களே நம்பரைப் போட்டுத் தாங்க, இந்தத் தாள்ல எழுதி வச்சிருக்கேன்.

அடிக்குது. அடிக்குது. எடுத்துட்டா!

ஏட்டி செண்பா... நாந்தான், அப்பா... வைக்காத, வைக்காத தாயீ, ஒரே நிமிசம்... இல்லம்மா, ரயில்ல ஒரு தம்பி போனு... ஆமா, மெட்ராசுக்குத்தான் வாரேன்... சண்டை போட இல்லட்டி, சத்தியமா இல்ல. சாப்பிட்டியா?... அம்மா நல்லாருக்காளா?... சும்மாதான், உன்னையப் பாக்கத்தான்... உன் லேப்டாப்ப எடுத்துட்டு வாரேன். கீறல் கூட இல்ல, அப்படியே புதுசா இருக்கு... என்னது?... ஆமாம்மா. அதே மாதிரிதான், முப்பதுலதான் வச்சிருக்கேன். நீ கவலப்படாத, பாட்டரி இன்னும்... செண்பா? ஏ செண்பா?

கட்டாயிருச்சு தம்பி. பேசிக்கிட்டே இருந்தா, கட்டாயிருச்சு. டவர் இல்லையோ? இருக்கே, நாலு கோடும் இருக்கே. எங்க, மேல என்ன காட்டுது... ஆங், பாத்தியளா! பன்னெண்டுதான் கெடக்கு உங்க போன்ல. அதான். சார்ஜ் இல்லாத போன்ல பேசுனா இப்படித்தான் நட்டநடுவுல போவும். கொண்டாங்க, இதையும் குறைச்சு வச்சுத் தாரேன்.